உஷார்! கட்டணம் கட்டுவதற்கு முன்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கண்டி நகரில் தனியார் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகள் முளைத்துவிடுகின்றன. இன்றே பதிந்தால் கட்டணத்தில் கழிவாம், மடிகணினி இலவசமாம். பெற்றோரே, உஷார்! பலகைக்கும் மடிகணினிக்கும் காசு கொடுப்பது நீங்கள்தான்.

ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரம் சொச்சம் பேருக்கே. இசட் புள்ளி கைவிட்டு, பேராதனைக் கனவு கலைந்த வீடுகளைத்தான் இந்த வியாபாரம் குறிவைக்கிறது. கம்பளையிலும் புசல்லாவையிலும் நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பகட்டுச் செலவு பிள்ளைகளை இழுக்கும் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, விடுதி, விளையாட்டு, கேளிக்கை வசதிகளையும் பார்த்தே பெரும்பாலான மாணவர்கள் கல்லூரியைத் தேர்கிறார்கள் என்றது. கற்பித்தலின் தரத்தைப் பார்த்தவர்கள் நன்றாகப் படிக்கும் சிலர் மட்டுமே. இலாப நோக்குடைய 30 கல்வி நிறுவனங்களின் கணக்கை அந்நாட்டு செனட் குழு ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தது. வருமானத்தில் 22.7 வீதம் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் போயிருந்தது. கற்பித்தலுக்குப் போனது 17.2 வீதம்! அவற்றுள் ஒன்றான கொரிந்தியன் 2015இல் இழுத்து மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

நம் நாட்டிலும் பட்டுத்தான் இருக்கிறோம். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரிகளைப் பதிய மருத்துவச் சபை மறுத்ததால், பெருந்தொகை செலவழித்துப் படித்தவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது.

ஆகவே கட்டடத்தின் பளபளப்பில் மயங்காதீர்கள். முழுநேர விரிவுரையாளர் எத்தனை பேர், போன தடவை சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர் எத்தனை பேர் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வாருங்கள். உள்நாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் கற்கைநெறிக்கே அனுமதி உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அனுமதி பெற்றவற்றின் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்கே ஏற்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே விசாரியுங்கள். தொழிற்பயிற்சியென்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு கட்டாயம்.

தனியார் கல்லூரி மட்டுமே வழியல்ல. பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. கண்டியில் அரச தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. இவை பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. முற்பணம் கட்டும் முன் அங்கேயும் ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.