தீவகத்து நீரும் பருப்பின் பக்குவமும்

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள், அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே சோறும் பருப்பும் மரக்கறியும் உண்டு பசியாறுகின்றனர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோரும் உளர். அள்ள அள்ளக் குறையாதது அந்தப் பாத்திரம். தீவகத்து நன்னீரோ அத்தகையதன்று.

இது சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். அன்றியும், சுண்ணாம்பு மிகுந்த நீரிலே பயறும் கடலையும் எளிதில் வேகமாட்டா. அவற்றின் உட்பசையோடு சுண்ணாம்பு கலந்து அதனை இறுக்கிவிடுகின்றது. புளியும் வேகுதலைத் தாமதப்படுத்தும்.

ஆகவே, சேமித்த மழைநீர் சிறிதே இருப்பினும் அதனைப் பயறு, கடலைக்கே ஒதுக்குங்கள். இரவில் ஊறவைத்து, மறுநாள் புளியின்றி வேகவிடுங்கள். நசுக்கினால் மசியும் பதம் வந்த பின்னரே பூசணிக்காயையும் கத்தரிக்காயையும் இடுங்கள். இதற்கு வேண்டிய நீர் கிணற்றுநீராயினும் குற்றமில்லை. காய் வெந்தபின் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். நீரிலேயே உப்பிருக்கக் கூடுமாதலால், ருசி பார்த்து இறுதியில் உப்பிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்து இறக்கினால் கறி மணக்கும், விறகும் மிஞ்சும். ஊறவைத்த நீரையும் வீணாக்காது முருங்கையடியில் ஊற்றுங்கள்.