கடலூர்ச் சாலையும் வெள்ளத்தின் வழியும்

கடலூரினின்று மேற்கே புறப்பட்டு, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, மடப்பட்டு, திருக்கோவலூர், திருவண்ணாமலை, வேலூர் எனச் செல்லும் பழைய சாலையை நமது வாசகர் பலர் அறிவர். கடலூர்–சித்தூர் சாலை என்று பெயர் பெற்று, மாநில நெடுஞ்சாலை வரிசையில் 9 என்ற எண்ணையும் பெற்றது அது. இத்தகைய சாலையின் பெருமையை அதன் அகலத்தைக் கொண்டு மாத்திரம் அளந்துவிட முடியாது என்பதே இன்று நாம் சொல்ல முன்வந்தது.

இச்சாலையின் முதற்பகுதி கிடக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம். நடுவே சாலையும் ரயில் பாதையும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பும், பண்ருட்டியினின்று பலாவும் முந்திரியும் இவ்வழியே செல்கின்றன. கடலூரையும் பண்ருட்டியையும் இணைக்க மற்றொரு வழியும் உண்டு. அது திருவந்திபுரம், பாலூர் வழி. தேவநாதப் பெருமாள் சந்நிதியும், வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த பெருமையும் உடைய திருவந்திபுரத்தில், ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட விவாகங்கள் நடைபெறுவதுண்டு. பாலூரிலோ 1905-ல் தோன்றிய விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. பெரிய சாலை அடைபட்டால் பாரம் முழுவதும் இச்சிறு சாலையின் தலையில் விழுகிறது.

சாலைகளின் அதிகாரம் கைமாறிய வரலாறும் அறியத்தக்கது. கும்பெனியார் 1690-ல் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கினர். 1746 முதல் 1752 வரை அதுவே அவர்களுக்குத் தலைமை ஸ்தானமாயிற்று. பிற்காலத்தில், 1871-ம் வருஷத்துச் சட்டம் சாலைகளுக்கென நிலத்தின்மீது வரி விதித்தது. 1884-ல் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சட்டபூர்வமாக ஏற்பட்டன. 1934-ல் தாலுகா போர்டுகள் ஒழிந்தன. 1943-ல் நாகபுரியில் கூடிய தலைமை எஞ்சினியர்கள், தேசியச் சாலை, மாகாணச் சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை என வகுத்தனர். 1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலை இலாகா பிறந்தது. இம்மாறுதல்களால் வேலைத்திறன் வளர்ந்தது மெய்யே. ஆயினும் வரி கொடுத்த கிராமவாசிக்கும் சாலை போடும் அதிகாரிக்கும் இடையே தூரமும் வளர்ந்தது.

அத்தூரத்தின் விலையை வெள்ள காலத்தில் அறிகிறோம். 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டத்து விசூர், பெரியகாட்டுப்பாளையம் முதலிய ஊர்கள் பட்ட பாட்டை யாரே மறப்பர்? 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட, பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. மழையும் புயலும் மனிதர் கையில் இல்லை. ஆனால் வயலில் தேங்கிய நீர் ஆற்றை அடைய வேண்டுமாயின் அது சாலையைக் கடந்தாக வேண்டும். பழைய தளத்தின்மேல் புதிய தளமாக ஏறிய சாலை, நாளடைவில் கரையாகிவிடுகிறது. கல்வெட்டுப் பாலங்கள் வண்டலால் அடைபட்டு, ஓரத்து வாய்க்கால்களும் தூர்ந்துவிட்டால், நீர் எங்கே போகும்?

சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித் திட்டத்தில் கடலூர்–மடப்பட்டுப் பகுதியும் அகலப்படுத்துவதற்குச் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் கடன் வழங்க இசைந்தது. அகலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கரும்பு வண்டியும் நோயாளியைச் சுமந்த வண்டியும் நெரிசலில் நிற்பதை எவரும் விரும்பார். எனினும் நீர்வழி முதலில். நிழல் மரம் அடுத்தது. தளத்தின் மெருகு அதற்கும் பின்னரே. 2011 டிசம்பரில் தானே புயல் பலாவையும் முந்திரியையும் சாய்த்த நாட்டில், வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடு நட்டு வளர்ப்பது கடமையாகும். திருவந்திபுரம் வழியையும் தனியே விடாமல் இதனோடு சேர்த்தே பராமரிக்க வேண்டும்.

அதிகாரிகளைக் குறை கூறிவிட்டு நாம் வாளாவிருத்தலும் தகாது. கிராம சபைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகின்றன. சாலையோர ஊர் ஒவ்வொன்றும் தன் எல்லையிலுள்ள பாலங்களையும் வாய்க்கால்களையும் எண்ணி, அடைபட்டவை எவையென்று எழுதி, தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். எந்த மதகு எப்போது அடைபட்டது என்பதை அவ்வூர் உழவனே நன்கு அறிவான். அவனைக் கேட்டுப் போடும் சாலையே மழைக்காலத்திலும் சாலையாக நிற்கும்.