பிரித்துத் தைக்கும் வைத்தியம்

புது ரவிக்கை தைப்பது சுலபம். ஒருவர் தைத்துக் கெட்டதைப் பிரித்து, துணி கிழியாமல் மறுபடி தைப்பது இருக்கிறதே, அதுதான் சிரமம்! இரைப்பை விஷயத்திலும் இதே கதைதான்.

உணவுக் குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் இயற்கை ஒரு கதவு வைத்திருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே பொங்கி வரும். நெஞ்செரிச்சல், புளியேப்பம், படுத்தால் இருமல் என்று அவஸ்தை ஆரம்பமாகும். பெரும்பாலோருக்கு மருந்தும் பத்தியமும் போதும். சிலருக்குத்தான் ரண சிகிச்சை.

அந்தச் சிகிச்சையைத் தந்தவர் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, இஸ்தான்புல்லிலும் பிறகு அமெரிக்காவிலும் பணியாற்றினார். 1948-ல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தவரும் இவரே! 1955-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ஒரு பெண்மணிக்கு, இரைப்பையின் மேல் பாகத்தை உணவுக் குழாயின் அடியில் கழுத்துச் சால்வை போலச் சுற்றித் தைத்தார். அமிலம் அடங்கிற்று. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துவாரங்கள் வழியே இதையே செய்த விவரத்தை 1991-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகர டாக்டர் டல்மாஞ் குழுவினர் வெளியிட்டார்கள்.

ஆனால், சிலருக்கு இந்தச் சால்வை அவிழ்ந்துவிடுகிறது. சிலருக்கு உதரவிதானத்தின் ஓட்டை வழியே மார்புக்குள் ஏறிவிடுகிறது. இறுக்கமாகிவிட்டாலோ, சாதம்கூடத் தொண்டைக்குக் கீழே இறங்காது. "ஆபரேஷன் செய்தும் இப்படியா?" என்று குடும்பமே கலங்கிப் போகும்.

கலங்க வேண்டாம், அவசரமும் வேண்டாம். எரிச்சல் திரும்பியது என்பதாலேயே தையல் விட்டுப்போயிற்று என்று அர்த்தமில்லை. பேரியம் குடித்து எக்ஸ்ரே, எண்டாஸ்கோப்பி, உணவுக் குழாயின் அழுத்தத்தை அளத்தல், 24 மணி நேரம் அமிலத்தைக் கணக்கிடுதல் ஆகிய பரிசோதனைகள் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மறு ஆபரேஷன் அவசியமானால் அதையும் துவாரங்கள் வழியே செய்யலாம். ஆனால் பழைய காயம் ஆறியபோது ஈரலும் இரைப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இரைப்பை கிழியாமல், அருகிலுள்ள நரம்பு அறுபடாமல், நிதானமாகப் பிரிக்க வேண்டும். பிறகு மேலேறிய பாகத்தைக் கீழே இறக்கி, ஓட்டையைச் சுருக்கி, புதிதாகச் சுற்றித் தைக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படுவோருக்கு முக்கால் சுற்று மட்டுமே போடுவதும் உண்டு. உடல் மிகப் பருத்தவர்களுக்கு இரைப்பையின் பாதையையே மாற்றி அமைப்பார்கள். நடுவில் சிக்கல் வந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இரண்டாம் தையலின் பலன் பொதுவாக முதல் தையலைவிடக் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு. ஆகவே சம்மதக் கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "முதல் முறை ஏன் தவறியது?" "இப்படிப் பிரித்துத் தைத்த அனுபவம் உங்களுக்கு எவ்வளவு?"

ரவிக்கையைத் தையற்காரரிடம் கொடுக்குமுன் நாலு பேரை விசாரிக்கிறோம். வயிற்றுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?