கார் ஏ.சி. கேஸ் தீராது, கசியும்

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் கார் ஏ.சி. பழுதுபார்க்கும் கடைகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. கூலிங் வரவில்லை என்று போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்கிற முதல் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கு சார், அடிச்சு விட்டா சரியாயிடும்" என்பதுதான். அடித்துவிடுகிறார்கள். சில வாரமோ சில மாதமோ குளிர்கிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே கடை, அதே பதில், அதே செலவு. இப்போது கேஸ் டப்பாவும் குழாயும் மீட்டரும் சேர்ந்த பெட்டியை இணையக் கடைகளிலேயே வாங்கிவிடலாம் என்பதால், இந்த வேலையை வீட்டு வாசலில் நாமே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பரவிவருகிறது. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே தவறான நம்பிக்கை: பெட்ரோலைப் போல ஏ.சி. கேஸும் ஓட ஓடத் தீரும் என்பது. அது தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிரப்புகிற கேஸும் அதே வழியாகத்தான் வெளியேறும். ஆகவே கார் வைத்திருப்பவர் வீட்டில் செய்ய வேண்டியது கேஸ் நிரப்புவதல்ல, கோளாறு எங்கே என்று பார்ப்பது.

ஏ.சி. வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரெஸ்ஸர் அந்த ஆவியை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு அது திரவமாகிறது. ஒரு சிறு வால்வின் துளை வழியே பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகும்போது, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரெஸ்ஸருக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றில் எங்கும் எதுவும் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. முதல் நாள் நிரப்பிய சில நூறு கிராம்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கூலிங் குறைந்ததற்குக் கேஸ்தான் காரணம் என்று முடிவுகட்டும் முன் பார்க்க வேண்டியவை பல. ஏ.சி. துளையிலிருந்து காற்றே பலமாக வரவில்லை என்றால் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அநேகமாக கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். பல கார்களில் அது முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியின் பின்புறம் இருக்கிறது. பெட்டியைக் கழற்றி, உருவிப் பார்த்தால் தூசியும் சருகும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் தடித்துப் போயிருப்பது தெரியும். காற்று பலமாக வந்தும் குளிர்ச்சி இல்லையா? நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது மின்விசிறி. ஏ.சி.யைப் போட்டு, பானெட்டைத் திறந்து, கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, அந்த விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். கண்டென்சரின் மீது லேசாகத் தண்ணீர் தெளித்ததும் குளிர்ச்சி கூடினால், வெப்பம் வெளியேறுவதில்தான் கோளாறு. மண்ணும் பூச்சியும் அப்பிக் கிடக்கும் கண்டென்சரை மெல்லிய நீரால் கழுவினாலே தீர்ந்துவிடக்கூடிய பிரச்சினை இது. வேகமாகப் பீய்ச்சினால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது கம்ப்ரெஸ்ஸர். கிளட்ச் உள்ள வண்டிகளில் ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஞ்சினின் ஓசையும் சற்று மாறும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்து, பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரெஸ்ஸரை ஓடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். சில நொடிக்கொருமுறை 'டக், டக்' என்று சேர்ந்து சேர்ந்து விலகினால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. அப்போது தேட வேண்டியது எண்ணெய்க் கறையை. கம்ப்ரெஸ்ஸருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வந்து, தூசி ஒட்டிக் கருப்பாக ஈரம் பூத்திருக்கும். குழாய் இணைப்புகள், கண்டென்சரின் அடி மூலைகள், கம்ப்ரெஸ்ஸரின் முன்பக்கம், கேஸ் ஏற்றும் வால்வின் வாய் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த வால்வில் சோப்பு நீர் தடவினால், கசிவு இருக்கும் பட்சத்தில் குமிழி விடும். பிடித்த இடத்தை மெக்கானிக்கிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

"இவ்வளவு பார்த்தவன் டப்பாவை வாங்கி நானே ஏற்றிவிட மாட்டேனா? மீட்டர்தான் இருக்கிறதே" என்று கேட்கலாம். அந்த மீட்டரில்தான் சிக்கல். எஞ்சின் நிற்கும்போது அது காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெப்பநிலையை. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ., 35 டிகிரியில் ஏறக்குறைய 114 பி.எஸ்.ஐ. காட்டும். 450 கிராம் இருந்தாலும் 200 கிராம்தான் இருந்தாலும் முள் நிற்கிற இடம் ஒன்றே. அடுப்பங்கரை சிலிண்டரும் இப்படித்தான். தீரப்போகிற நாள் வரை சுடர் ஒழுங்காக எரியும், மிச்சம் எவ்வளவு என்று அறியத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பார்த்தால், வெயில், ஈரப்பதம், விசிறியின் வேகம், எஞ்சினின் சுழற்சி எல்லாம் சேர்ந்து முள்ளை ஆட்டும். அதோடு வீட்டுப் பெட்டியில் வரும் மீட்டர் குறைந்த அழுத்தம் உள்ள குழாயை மட்டுமே அளக்கிறது. கேஸைப் பீய்ச்சும் அந்தச் சிறு வால்வு அடைத்துக்கொண்டாலும் அங்கே அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அதைக் கேஸ் குறைவு என்று நினைத்து மேலும் ஏற்றினால் மறுபக்கத்தில் அழுத்தம் எகிறும். அளவுக்கு மிஞ்சிய கேஸ் குளிர்ச்சியைக் கூட்டாது, குறைக்கும், கம்ப்ரெஸ்ஸரையும் வதைக்கும். அமெரிக்காவில் விற்கும் வழக்கமான டப்பாவில் 12 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 340 கிராம் இருக்கிறது. நம் சிறிய கார்கள் பலவற்றின் முழுக் கொள்ளளவே 500 கிராமுக்குள்தான். எடை பார்க்காமல் ஏற்றுவதற்கு இங்கே இடமே இல்லை.

அமெரிக்காவில் பல வருடங்களாக வீட்டிலேயே கேஸ் ஏற்றுகிறார்களே என்பது நியாயமான கேள்வி. உண்மைதான். ஆனால் அங்கேயும் 2018 முதல், எடுத்த பிறகு தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள டப்பாக்களைத்தான் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மீந்த கேஸ் காற்றில் கலப்பதைத் தடுக்கவே அந்த விதி. விதி எதுவானாலும் வீட்டு முறையால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு: வாக்யூம். சுற்று திறந்துவிட்டால் காற்றும் அதிலுள்ள ஈரமும் உள்ளே புகும். காற்று திரவமாகாமல் கண்டென்சரில் தங்கி அழுத்தத்தை ஏற்றும். ஈரம் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்ப் வைத்து அரை மணி நேரமாவது உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்து, பிறகு எடை போட்டு ஏற்றுவதுதான் முறை. கசிவை அடைக்கும் மருந்து கலந்த டப்பாக்களைத் தொடவே வேண்டாம். அந்த மருந்து வால்வையும் அடைக்கும், பின்னர் கேஸை உறிஞ்சி எடுக்கும் கடைக்காரரின் இயந்திரத்தையும் கெடுக்கும். தோலில் பட்டால் திரவ கேஸ் உறையவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் தவறிப்போய் அதிக அழுத்தக் குழாயில் மாட்டினால் அது வெடிக்கவும் கூடும். மின்சாரக் கார்களிலும் முழு ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரெஸ்ஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்குரிய எண்ணெயும் வேறு. ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

மெக்கானிக்குகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜைப் போலக் கார் ஏ.சி. முழுக்கப் பற்றவைத்து மூடிய சுற்று அல்ல. கம்ப்ரெஸ்ஸரின் தண்டு ஒரு சீல் வழியாக வெளியே வருகிறது; சில இடங்களில் ரப்பர் குழாய் இருக்கிறது; எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நல்ல வண்டியிலும் வருடத்துக்குச் சிறிதளவு கேஸ் குறையும். ஐந்தாறு வருடம் ஓடிய காரில் குளிர்ச்சி மெல்ல மெல்லத் தளர்ந்திருந்தால், இருக்கும் கேஸை எடுத்து, எடை பார்த்து, சரியான அளவை ஏற்றுவது முறையான பராமரிப்பே. ஆனால் ஒரே கோடைக்குள் கூலிங் போய்விடும் வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே இருப்பது ஓட்டை.

இதில் நம் பணம் மட்டும் போகவில்லை. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால் அது 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. 400 கிராம் கசிந்தால், 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஏறக்குறைய ஈடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் இந்த கேஸுக்கு இடமில்லை. இவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியாவும் 2021-இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் குறைப்பு 2032-இல் தொடங்க வேண்டும். அதுவரை காத்திருக்க அவசியமில்லை. ஒவ்வொரு கோடையிலும் கசிகிற வண்டிக்குள் கேஸ் ஏற்றுவதை இன்றைக்கே நிறுத்தலாம்.

பானெட்டைத் திறந்தால், அதன் உட்புறத்திலோ முன்சட்டத்திலோ ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில், பழைய கேஸை மெஷினில் எடுத்து எடை சொல்லும்படி கேளுங்கள். குறைவது எத்தனை கிராம் என்று உடனே தெரிந்துவிடும். கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், வாக்யூம் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தராசு இல்லாமல் கேஸ் அடிக்கிற கடையாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.