நீலகிரியின் பாசிச் செடிகள்

பாசி என்னும் சொல்லைத் தமிழில் நாம் பல பொருள்களுக்கு வழங்குகிறோம். குளத்து நீரில் மிதப்பதும் பாசி. மழைக்காலத்துச் சுவரில் படர்வதும் பாசி. தாவர நூலாரோ இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரிப்பர். முன்னது ஆல்கா, குறுந்தொகையிலே தலைவியின் பசலைக்கு உவமையாக வரும் கேணிப் பாசி இந்த இனத்தது. பின்னது மாஸ் எனப்படுவது. அதற்குத் தண்டும் சின்னஞ்சிறு இலைகளும் உண்டு. இன்று நாம் அறியப் புகுவது இந்த இலையுடைய பாசியைப் பற்றியே. அதைக் கண்டு பயில நீலகிரி மிக ஏற்ற இடமாகும்.

இச்செடிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. வேர்கூட இல்லை. வேர்போல் தோன்றும் மெல்லிய இழைகள் செடியைப் பற்றி நிறுத்துவதற்கே முதன்மையாகப் பயன்படுகின்றன. நீரை அது உடல் முழுவதாலும் பருகுகிறது. ஆகவே மூடுபனியின் ஈரமும் அதற்கு உணவூட்டும். ஆண் அணு பெண் அணுவை நீந்திச் சென்றே அடைய வேண்டியிருப்பதால், இனம் பெருகவும் நீர் இன்றியமையாதது. பின்னர் மெல்லிய காம்பின் நுனியில் ஒரு சிறு பேழை தோன்றும். அது முதிர்ந்து திறக்கும்போது ஸ்போர்கள் என்னும் நுண்தூள் காற்றில் பரவுகிறது.

நீர் இல்லாத காலத்தில் என் செய்யும்? சுருண்டு, கருகினாற்போல் உறங்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் சுவர்ப் பாசியின்மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே இலைகள் விரிந்து பசுமை திரும்பக் காண்பீர்கள்.

2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைச் சிகரமாகக் கொண்ட இம்மலையில் இருபருவ மழையும் பெய்கிறது; பனியும் மூடுகிறது. ஆயினும் எல்லாப் பாசியும் எங்கும் வளர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. உதகமண்டலத்துத் தெருவோரத்திலும் சுவரிலும் வெள்ளி போல் மின்னுவது பிரையம் அர்ஜென்டியம்; அதன் இலை நுனியில் பச்சையம் இல்லாமையே அம்மினுக்கத்துக்குக் காரணம். பாதைக்காக வெட்டப்பட்ட மண்சரிவில் குட்டித் தென்னங்கன்றுகளைப் போல நிமிர்ந்து நிற்பது போகோனேட்டம். அதன் பேழை மயிரடர்ந்த குல்லாய் அணிந்திருக்கும். தீ எரிந்த நிலத்தில் முதலில் குடியேறுவனவற்றுள் ஒன்று ஃபூனேரியா. அதன் காம்பு ஈரத்துக்கேற்ப முறுக்கிக்கொண்டும் அவிழ்ந்தும் அசையும். குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் முதிய செடிகளின் தண்டிலும் பாசி படியும். அது செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. எனினும் பட்டையை மூடி ஈரம் தேக்குவதால், கவாத்தின்போது அதைச் சுரண்டி நீக்குவதுண்டு.

இவற்றுள் எழில் மிக்கவை சோலைக் காட்டுப் பாசிகள். குள்ளமான முதுமரங்களின் கிளைகளிலிருந்து மீட்டியோரியம் முதலிய இனங்கள் தாடிபோல் தொங்குகின்றன. மூடுபனியின் துளிகளைப் பிடித்து மெல்லச் சொட்டவிடுகின்றன.

புதுச்சேரியில் பணியாற்றிய தாவர அறிஞர் பெரோத்தே நீலகிரியில் திரட்டிய பூவாத் தாவரங்களைக் கமில் மோந்தாஞ் என்பார் 1842-ஆம் ஆண்டில் பட்டியலிட்டு வெளியிட்டார். அக்காலத்துக்குப் பின் இம்மலையின் தோற்றமே மாறிவிட்டது. புல்வெளிகளும் சோலைகளும் இருந்த இடங்கள் பலவற்றில் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் நிற்கின்றன.

இங்கே மாணவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தீயில் வெந்த மண்ணுக்கு ஃபூனேரியா விரைவில் வந்துவிடும். சுவர்ப் பாசியும் புதுச் சுவர் தேடிக்கொள்ளும். சோலைப் பாசிக்கோ நிழலும் பனியும் முதுமரமும் ஒருங்கே வேண்டும். மரம் வீழ்ந்தால் அதன் வீடும் வீழ்ந்தது. ஆகவே எங்கும் பசுமை தெரிகிறது என்று மன நிறைவு கொள்வதற்கில்லை. எந்தப் பசுமை என்று கேட்க வேண்டும். அடுத்த முறை நீலகிரிக்குச் செல்லும்போது ஒரு கைக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். பறிக்க வேண்டா, குனிந்து பாருங்கள். காலடியிலேயே மற்றொரு காடு இருக்கிறது.