மின்னஞ்சற் சேவையகத்தில் அடையாள உறுதிப்பாடு: இரகசியத்தின் இருப்பிடம் பற்றிய ஒரு நோக்கு

அஞ்சலை ஏற்று, வரிசைப்படுத்தி, உரிய இடத்துக்கு அனுப்புவதே மின்னஞ்சற் சேவையகத்தின் முதற் கடமையாகும். ஆயின் அதற்கான செய்நிரலை எழுதுவோர் மிகுந்த தயக்கத்துடன் அணுகவேண்டிய பகுதி வேறொன்று. "நான் இன்னார்" எனக் கூறிக்கொண்டு வலையமைப்பின் வழியே வரும் வேண்டுகோளை நம்புவதா, மறுப்பதா என முடிவுசெய்யும் பகுதியே அது. இதனை ஒரு சிறு ஒப்பீட்டுச் செயலாகக் கருதுவோர் பலர். வந்த கடவுச்சொல்லும் வைத்திருக்கும் கடவுச்சொல்லும் ஒன்றாயின் அனுமதி, இன்றேல் மறுப்பு என்பது அவர்தம் எண்ணம். கடினமான வினா ஒப்பீடு பற்றியதன்று. பாவனையாளரின் இரகசியம் எவ்வெவ்விடங்களில், எவ்வளவு நேரம், யாருடைய பொறுப்பில் தங்குகின்றது என்பதே அவ்வினா. இதுவரை உருவான முறைகளை இவ்வாறு நோக்குமிடத்து, அவற்றுட் பல இரகசியத்தை ஓரிடத்தில் மறைப்பதற்காக மற்றோரிடத்தில் வெளிப்பட வைத்தமை புலனாகும்.

1982 இல் ஜொனதன் போஸ்ரல் வெளியிட்ட எஸ்.எம்.ரி.பி. எனும் அஞ்சல் நெறிமுறையில் அடையாள உறுதிப்பாட்டுக்கு இடமே இருக்கவில்லை. அனுப்புநர் தம் பெயர் யாதெனக் கூறினாரோ அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வலையமைப்பிற் பங்குபற்றியோர் பெரும்பாலும் ஆய்வு நிறுவனத்தினராக இருந்த காலத்து நம்பிக்கை அது. அஞ்சலைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்தில், பொப் நெறிமுறை பாவனையாளரின் பெயரையும் கடவுச்சொல்லையும் வினவியது. ஆயினும் இரண்டும் வெற்றெழுத்தாகவே கம்பியிற் சென்றன. அனுப்பும் பக்கத்துக்கான நியமம் 1999 இலேயே வந்தது. இடைக்காலத்தில், பொப் வழியே அண்மையில் உறுதிப்பாடு பெற்ற முகவரியிலிருந்து வரும் அஞ்சலைச் சிறிது நேரம் ஏற்றுக்கொள்ளுதல் என்ற ஒட்டுவேலையே பல நிறுவனங்களிற் கையாளப்பட்டது. கண்டவர் அஞ்சலையெல்லாம் கடத்திவிடும் திறந்த சேவையகங்களை விளம்பர அஞ்சல் அனுப்புவோர் பயன்படுத்தத் தொடங்கியதே இந்நெருக்கடிக்குக் காரணம்.

இனி, பிரச்சினையின் மையத்துக்கு வருவோம். கடவுச்சொல் வழியிலே களவுபோகாதிருக்க ஒரு வழி, அதனை அனுப்பாதிருத்தலாகும். பொப் நெறிமுறையில் அபொப் எனும் கட்டளையும், 1997 இல் வெளியான கிறாம்-எம்.டி.5 எனும் முறையும் இக்கருத்தின் பாற்பட்டன. சேவையகம் ஒவ்வொரு முறையும் புதியதொரு சவாற்சரத்தை அனுப்பும். பாவனையாளரின் மென்பொருள் அச்சரத்தையும் கடவுச்சொல்லையும் சேர்த்து ஓர் ஒருவழிச் சார்பினூடாகக் கணித்து, விடையை மட்டும் திருப்பியனுப்பும். ஒட்டுக்கேட்பவருக்கு அவ்விடை மறுமுறை பயன்படாது. இது நேர்த்தியான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் அவ்விடை சரியா எனச் சோதிப்பதற்குச் சேவையகமும் அதே கணிப்பைச் செய்தாக வேண்டும். அதற்குக் கடவுச்சொல்லோ, அதற்கு ஈடான இடைநிலைப் பெறுமானமோ அதன் கையில் இருத்தல் வேண்டும். அவ்விடைநிலைப் பெறுமானத்தைக் களவாடியவரும் அதனைக் கொண்டே உள்நுழைய முடியும். வழியிலே காப்பாற்றப்பட்ட இரகசியம் களஞ்சியத்திலே திறந்து கிடந்தது.

களஞ்சியத்தைப் பற்றிய பாடமோ அதற்கு முன்னரே கற்கப்பட்டிருந்தது. 1979 இல் ரொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் யூனிக்ஸ் முறைமையின் கடவுச்சொற் பாதுகாப்புப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கத்தக்கது. கடவுச்சொல்லைச் சேமிக்காது, அதிலிருந்து ஒருவழிச் சார்பினாற் பெற்ற பெறுமானத்தை மட்டுமே சேமித்தலும், அக்கணிப்பில் 'உப்பு' எனப் பெயரிட்ட 12 இருமக் கூறுகளைச் சேர்த்தலும் அதில் விளக்கப்பட்டன. ஒரே கடவுச்சொல்லை இருவர் தெரிந்திருப்பினும் கோப்பில் அவை வெவ்வேறாகத் தோன்றுதற்கு அவ்வுப்பே காரணமாகும். அவர்கள் திரட்டிய 3289 கடவுச்சொற்களில் 86 சதவீதமானவை மிகக் குறுகியனவாகவோ, எளிய எழுத்துக்கோவைகளாகவோ, அகராதியிற் காணப்படும் சொற்களாகவோ இருந்தன. மனித இயல்பு பற்றிய இத்தகவலை நோக்கின், களஞ்சியம் என்றோ ஒருநாள் களவுபோகும் எனக் கொண்டே செய்நிரலை வகுத்தல் தகும் என்பது தெளிவு.

ஆகவே செய்நிரலாளர் முன் இரு வழிகள் நின்றன. சவால்முறையைத் தெரிந்தால் களஞ்சியத்தில் உப்பிட்ட பெறுமானத்தை மட்டும் வைத்திருக்க இயலாது. உப்பிட்ட பெறுமானத்தை வைத்திருந்தால் கடவுச்சொல்லை முழுமையாக வரவழைத்தே சோதிக்க வேண்டும். நடைமுறையில் வென்றது இரண்டாவது வழியே. பிளெய்ன் எனும் முறையிற் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே சரமாக, அறுபத்துநான்கு எழுத்துக் குறியீட்டில் வருகின்றன. (இக்குறியீட்டை மறைகுறியாக்கமென மயங்குவோர் உளர். அதனை விரிக்க எவ்வித இரகசியமும் வேண்டியதில்லை.) வழிப்பாதுகாப்பை ரி.எல்.எஸ். எனும் மறைகுறியாக்கப் படை ஏற்றுக்கொள்கின்றது. அப்படை அமையுமுன் பிளெய்ன் முறையைத் தான் ஏற்பதாகச் சேவையகம் அறிவித்தலே கூடாது.

அப்படையை இடைநடுவில் தொடக்கும் கட்டளையிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடக்கத்துக்கு முன் வெற்றெழுத்தாக வந்து இடைத்தாங்கியிற் கிடக்கும் கட்டளைகளைச் செய்நிரல் அழித்துவிட வேண்டும். அழிக்காவிடின், இடையில் நிற்பவர் திணித்த கட்டளைகள் பாதுகாப்பான தொடர்பில் வந்தனவாகக் கொள்ளப்பட்டுவிடும். பல அஞ்சல் மென்பொருள்களில் இக்குறை இருந்தமை 2011 இல் வெளிப்பட்டது. தொடர்பின் முதற் கணத்திலிருந்தே மறைகுறியாக்கம் இருத்தல் நன்று என 2018 ஆம் ஆண்டு நியமம் பரிந்துரைத்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

2010 இல் நியமமாகிய ஸ்கிறாம் முறை இரு நலன்களையும் இணைக்க முயன்றது. அதிற் கடவுச்சொல் அனுப்பப்படுவதில்லை. களஞ்சியத்திலுள்ள பெறுமானத்தை மட்டும் கொண்டு உள்நுழையவும் முடியாது. கோட்பாட்டளவில் இதுவே சிறந்ததென்பது எமது கருத்து. எனினும், முன்னரே உப்பிட்ட பெறுமானங்களாகச் சேமித்துவிட்ட நிறுவனமொன்று, ஒவ்வொரு பாவனையாளரும் தம் கடவுச்சொல்லை மீண்டும் தரும்வரை இதற்கு மாறவியலாது.

சேவையகத்தினுள்ளேயும் இரகசியத்துக்கு இருப்பிடம் உண்டு. வலையமைப்புடன் உரையாடும் பகுதியே தாக்குதலுக்கு முதலில் உள்ளாவது. அப்பகுதிக்கே கடவுச்சொற் கோப்பைப் படிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தல் அறிவுடைமையாகாது. டானியல் பேர்ன்ஸ்ரைன் எழுதிய கியூமெயில் மென்பொருளிற் பொப் உரையாடலைத் தொடக்கும் செய்நிரல் தானே எதையும் சோதிப்பதில்லை. பெற்ற பெயரையும் கடவுச்சொல்லையும் 3 ஆம் இலக்க விவரிப்பியினூடாகத் தனியொரு செய்நிரலுக்குக் கையளிக்கின்றது. 2002 இல் ரீமோ சிறைனன் வெளியிட்ட டவ்கொற் மென்பொருளும் இவ்வழியே சென்று, உள்நுழைவு உரையாடலை அதிகாரமற்ற ஒரு செயன்முறைக்கும், சோதனையை வேறொரு செயன்முறைக்கும் பிரித்து வைத்தது.

மேற்கூறிய சோதனைச் செய்நிரல் தரும் விடையில் நாம் நுணுகி நோக்கவேண்டிய ஒன்றுண்டு. கடவுச்சொல் தவறாயின் அது 1 எனும் இலக்கத்துடன் முடிவடையும். சோதனையைத் தற்காலிகமாகச் செய்யமுடியாதுபோயின் 111 உடன் முடிவடையும். எஸ்.எம்.ரி.பி. நெறிமுறையில் இதே வேறுபாட்டை 535, 454 எனும் மறுமொழி இலக்கங்கள் உணர்த்துகின்றன. இவற்றை ஒன்றெனக் கொள்ளும் செய்நிரலின் விளைவு யாது? தரவுத்தளம் ஐந்து நிமிடம் செயலிழக்கின்றது. சேவையகம் "கடவுச்சொல் தவறு" என்கின்றது. அஞ்சல் வாசிக்கும் மென்பொருள் சரியான கடவுச்சொல்லை மறந்து புதிதொன்றைக் கேட்கின்றது. பாவனையாளர் தாம் பயன்படுத்தும் ஏனைய கடவுச்சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கின்றார். தன் குறையைப் பாவனையாளரின் குறையாகக் காட்டும் செய்நிரல், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் அவரிடமிருந்து வாங்கிவிடக் கூடும்.

மறுபுறம், வேறுபாடு காட்டக் கூடாத இடமும் உண்டு. "அப்படியொரு பெயர் இல்லை", "கடவுச்சொல் தவறு" என இரு வேறு விடைகள் தரப்படின், நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலையே அந்நியர் தொகுத்துவிடுவர். பொப் நியமம், இல்லாத பெயருக்கும் முதலில் உடன்பாட்டு விடை தரலாம் எனக் கூறுதல் இதனாற் பயன் தருவதாகின்றது. விடை ஒன்றாயிருப்பினும் நேரம் காட்டிக்கொடுத்துவிடும்: பெயர் இல்லாதபோது ஒருவழிக் கணிப்பு நிகழாமையால் மறுப்பு விரைந்து வரும். ஆதலால் இல்லாத பெயருக்கும் ஒரு போலிக் கணிப்பைச் செய்வித்தல் வேண்டும். திரும்பத் திரும்ப முயல்வோரைத் தடுப்பதற்குக் கணக்கையே பூட்டிவிடுதல் எளிதாயினும் அது நியாயமானதன்று. எவரும் பிறர் கணக்கைப் பூட்டுவிக்க அது வழிசெய்யும். தோல்விக்குப் பின் மறுமொழியைச் சிறிது தாமதித்தல் சாலும். டவ்கொற் இயல்பாக 2 செக்கன் தாமதிக்கின்றது.

தமிழ் எழுத்தோடு தொடர்புடைய ஒரு பிரச்சினையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தமிழிற் கடவுச்சொல் வைக்க விரும்புவோர் "கொடி" எனும் சொல்லைத் தெரிந்தனர் எனக் கொள்வோம். யுனிகோட் முறையிற் 'கொ' எனும் எழுத்தை, ககரத்துடன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். எகரக்குறி, ஆகாரக்குறி என இரண்டாகப் பிரித்துச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஒருவழிச் சார்புக்கோ அவை முற்றிலும் வேறானவை. அலுவலகக் கணினியில் ஏற்கப்பட்ட சொல் கைத்தொலைபேசியில் மறுக்கப்படலாம். கணிப்புக்கு முன் சரத்தைச் சீர்வடிவுக்கு மாற்றுதல் வேண்டுமென 2005 முதல் நியமங்கள் கூறுகின்றன. 2017 ஆம் ஆண்டு நியமம் அதனைப் புதுப்பித்தது. ஆங்கில எழுத்துக்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் இத்தவறை ஒருபோதும் காணார்.

அண்மைக் காலத்தில் இரகசியம் மீண்டும் இடம்பெயர்ந்துள்ளது. 2012 இல் வெளியான ஓ-ஓத் 2.0 நியமத்தின் வழியே, கடவுச்சொல்லை அஞ்சற் சேவையகம் காண்பதேயில்லை. வேறொரு வழங்குநரிடம் பாவனையாளர் தம்மை உறுதிப்படுத்திக் காலவரையறையுள்ள அனுமதிச்சீட்டொன்றைப் பெற்று அதனையே காட்டுகின்றார். சீட்டுக் களவுபோயினும் இழப்பு வரையறைக்குட்பட்டது. வேண்டும்போது அதனை இரத்துச் செய்யலாம். இவை மறுக்கவியலாத நலன்கள். ஆயின் சீட்டைக் கேட்கும் அஞ்சல் வாசிப்பு மென்பொருளும் வழங்குநரிடம் முன்னரே பதிவுசெய்யப்பட்டிருத்தல் வேண்டும். 2022 மே மாத இறுதியிற் கூகுள் நிறுவனமும், அதே ஆண்டு ஒக்ரோபரிலிருந்து மைக்ரோசொப்ற் நிறுவனமும் தத்தம் அஞ்சற் சேவைகளில் வழமையான கடவுச்சொல் முறையைப் பெருமளவு நிறுத்தியமையால், தனியொருவராகக் கட்டற்ற மென்பொருள் எழுதுபவரும் அந்நிறுவனங்களின் பதிவையும் நிபந்தனைகளையும் எதிர்நோக்க நேர்ந்தது. முன்னர் வெளியீடாகக் கிடைத்த நெறிமுறை ஆவணமொன்றே ஒரு மென்பொருளை எழுதப் போதுமாயிருந்தது.

தன் சேவையகத்தைத் தானே நடத்தும் பல்கலைக்கழகமொன்று இவ்வழங்குநரையும் தானே அமைத்துக்கொள்ளலாம். அதற்குரிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. டவ்கொற்றும் அத்தகைய சீட்டுக்களைச் சோதிக்க வல்லது. தடை வேறிடத்திலுள்ளது. பல வாசிப்பு மென்பொருள்கள் சில பெருநிறுவனங்களின் வழங்குநர்களை மட்டுமே தம்முள் பதித்து வருகின்றன. ஏனையோர்க்கு ரி.எல்.எஸ். படையினுள் அனுப்பப்படும் கடவுச்சொல்லும், சேவையகத்தில் உப்பிட்டுச் சேமித்த பெறுமானமுமே நடைமுறையில் எஞ்சி நிற்கின்றன.