எலோகிம்: ஒருமையா, பன்மையா?

எலோகிம் என்பது எபிரேய விவிலியத்தில் கடவுளைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று. அந்நூலில் இச்சொல் 2,500 தடவைக்கு மேல் வருகிறது. வடிவத்தில் இது பன்மை. ஆயினும் இசுரயேலரின் கடவுளைக் குறிக்கும்போது பெரும்பாலும் ஒருமையாகவே ஆளப்படுகிறது. எனவே இச்சொல் பலரைச் சுட்டுகிறதா, ஒருவரைச் சுட்டுகிறதா என்ற வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது.

சொல்லமைப்பு

எபிரேயத்தில் ஆண்பால் பெயர்கள் பொதுவாக 'இம்' என்னும் விகுதி பெற்றுப் பன்மையாகும். மெலெக் (அரசன்) என்பது மெலாக்கிம் (அரசர்கள்) ஆவதுபோல, எலோவா என்பதன் பன்மை வடிவம் எலோகிம் ஆகும். எலோவா என்ற ஒருமை வடிவம் யோபு நூலில் மிகுதியாகக் காணப்படுகிறது.

இலக்கணச் சான்றுகள்

பொருளை முடிவு செய்வதில் விகுதியைவிட, உடன்வரும் வினையும் அடைமொழியுமே பெரிதும் உதவுகின்றன. தொடக்க நூலின் (ஆதியாகமம்) முதல் வசனத்தில் எலோகிம் எழுவாயாக நிற்க, 'பாரா' (படைத்தான்) என்ற ஒருமை வினை வருகிறது. பத்துக் கட்டளைகளில் பிற தெய்வங்களைச் சுட்டும்போது, 'வேறு' என்னும் அடைமொழி பன்மையில் உள்ளது. அங்கு எலோகிம் என்பதன் பொருள் 'தெய்வங்கள்'.

மோவாபியரின் கெமோசு, சீதோனியரின் அசுதரோத்து ஆகிய தனித்தனித் தெய்வங்களும் இதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆகவே, பன்மை வடிவம் மட்டுமே பலரைக் காட்டும் சான்றாகாது. எனினும் தொடக்க நூல் 20:13 போன்ற சில இடங்களில் இசுரயேலரின் கடவுளுக்கும் பன்மை வினை வருகிறது.

உயர்வுப் பன்மை

ஒருவரின் மேன்மையைக் காட்டப் பன்மை வடிவத்தை ஆள்வதை இலக்கண அறிஞர்கள் உயர்வுப் பன்மை என்பர். எசாயா 19:4இல் 'தலைவர்கள்' என்ற பன்மைச் சொல் ஒரே தலைவனைக் குறிக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அமர்னா மடல்களில், கானான் சிற்றரசர்கள் எகிப்திய மன்னனைத் தெய்வங்கள் என்று பன்மையில் விளிக்கின்றனர். தமிழில் 'அவர்' என்பது ஒருவருக்கும் வழங்குவது இதற்கு ஓரளவு ஒப்பானது. ஆனால் தமிழில் 'வந்தார்' என வினையும் மாறும். எபிரேயத்தில் வினை பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும்.

விளக்கங்கள்

தொடக்க நூல் 1:26இல் கடவுள் தன்மைப் பன்மையில் பேசுகிறார். கிறித்தவ எழுத்தாளர் பலர் இதையும் எலோகிம் என்ற சொல்லையும் மூவொரு கடவுள் கோட்பாட்டின் சாயலாகக் கண்டனர். ஆனால் அக்கோட்பாட்டை ஏற்ற சான் கால்வின், எலோகிம் என்ற சொல்லை அதற்கு உறுதியான சான்றாக ஏற்கவில்லை. கடவுள் வானதூதரோடு கலந்து பேசினார் என்பது 11ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் இராசியின் விளக்கம். அடுத்த வசனத்தில் வினை ஒருமைக்குத் திரும்புவதை அவர் சுட்டினார்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு, முதல் வசனத்தில் 'தியோசு' என்ற ஒருமைச் சொல்லையே தருகிறது. தமிழ் விவிலியமும் இடத்திற்கேற்பத் தேவன் என்றும் தேவர்கள் என்றும் பெயர்க்கிறது. யூதரின் ஒரே கடவுள் நம்பிக்கை எலோகிம் என்ற சொல்வடிவத்தைச் சார்ந்ததன்று. இணைச்சட்டம் (உபாகமம்) 6:4 போன்ற வெளிப்படையான அறிக்கைகளே அதற்கு அடிப்படை.